பரிசலில் ஏறிய மூன்றாவது ஆள்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள் நான். சிரிப்பது என்ன, அந்தக் கதைகளைக் கட்டிவிடுகிறவனே நான்தான். ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறேன். பெங்களூரிலிருந்து வருகிற பையன்கள் பரிசலில் உட்கார்ந்ததுமே, "அண்ணா, இங்க பேய் கீய் இருக்கா?" என்று கேட்பார்கள். இல்லை என்று சொன்னால் முகம் தொங்கிப்போய்விடும். அதனால் சுழல் பக்கம் போகும்போது குரலைத் தாழ்த்தி, இந்த இடத்தில் ஒரு புதுமணப்பெண் விழுந்தாள், பௌர்ணமிக்குப் பௌர்ணமி வளையல் சத்தம் கேட்கும் என்று ஒரு போடு போடுவேன். அப்படி ஒருத்தி விழவே இல்லை. வளையலும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.

அதனால்தான் எனக்கு இந்தச் சங்கடம். இப்போது சொல்லப்போவதை எங்கள் பரிசல் துறையில் ஒருத்தரும் நம்பவில்லை. என் வீட்டுக்காரியே, "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுச் சோறு வடிக்கப் போய்விட்டாள். நீங்களும் நம்பாமல் போகலாம், அது உங்கள் இஷ்டம். ஆனால் எனக்குச் சோறு போடுகிற காவேரி மேல் ஆணையாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்லைக்கூட நான் சேர்க்கவில்லை. இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். இது ராத்திரியில் நடந்ததில்லை. நல்ல உச்சி வெயிலில், மீன் வறுக்கிற வாசனை கரையெல்லாம் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் நடந்தது.

போன தை மாதக் கடைசி. பொங்கல் கூட்டம் வடிந்து துறையே காலியாகக் கிடந்தது. நான் துடுப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன். "தம்பி" என்று ஒரு குரல். எழுந்து பார்த்தால் வயதான புருஷன் பெண்சாதி. பெரியவர் கையில் தடி, காதில் மெஷின். அந்த அம்மா ஒரு ஒயர் கூடையைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஒரு ஆள். நல்ல உயரம், ஒட்ட வெட்டிய முடி, முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். பெரியவரின் தாடை அப்படியே அவருக்கும் இருந்தது. மகன் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தானே நினைப்பார்கள்?

"நடு ஆத்துக்குக் கூட்டிட்டுப் போவீங்களா தம்பி? எலும்பு கரைக்கணும்" என்றார் அந்த அம்மா.

"அதுக்கெல்லாம் கரையிலயே ஆளுங்க இருக்காங்கம்மா. மந்திரம் சொல்லி, தேங்கா ஒடச்சி, எல்லாம் பண்ணிக் குடுப்பாங்க."

"கரையில வாணாங்க. ஷாம்பு கவரும் எண்ணெயுமா கெடக்குது. எம் பையன் சுத்தக்காரன்."

பின்னால் நின்றவரைப் பார்த்தேன். அவர் லேசாகத் தலையாட்டினார். சரி, செத்துப்போனது இவருடைய தம்பியாக இருக்கும், அண்ணன்காரர் கூட வந்திருக்கிறார் என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். எலும்பு கரைக்கிற சவாரி என்றால் எங்கள் ஆட்கள் கொஞ்சம் ஒதுங்குவார்கள். எனக்கு அந்தப் பயமெல்லாம் கிடையாது. ஏறுங்கள் என்றேன்.

இங்கே பரிசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களுக்கு அடுத்தது புரியாது. படகுக்கு முன் பக்கம், பின் பக்கம் உண்டு. பரிசலுக்கு அது கிடையாது. அடியில் தார் பூசிய வட்டமான மூங்கில் கூடை, அவ்வளவுதான். துடுப்புப் போடுகிறவன் ஒரு ஓரத்தில் குந்தியிருப்பான், அவனுக்கு எதிர் ஓரத்தில் அவனுக்குச் சமமான எடை இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அவன் பக்கம் அமுங்கி எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும், போடுகிற துடுப்பெல்லாம் வீணாகிச் சுற்றிக்கொண்டே கிடக்கும். அதனால் ஆளை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்து, நீ இங்கே, நீ அங்கே என்று உட்கார வைப்பதில்தான் பாதிப் பிழைப்பே இருக்கிறது.

லைஃப் ஜாக்கெட் மூன்று எடுத்தேன். பெரியவருக்கு மாட்டிவிட்டேன், அம்மாவுக்கு மாட்டிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் அந்த ஆள் தானே மாட்டிக்கொண்டு, பக்கிள் எல்லாம் போட்டு, வாரை இழுத்துக் கட்டித் தயாராக நிற்கிறார். பெரியவரை இடப் பக்கமும் அம்மாவை வலப் பக்கமும் உட்கார வைத்துவிட்டு, "அண்ணா, நீங்க இப்பிடி எனக்கு எதிர்ல வந்துருங்க" என்றேன். வந்து உட்கார்ந்தார். பரிசல் ஒரு அமுங்கு அமுங்கிச் சமமாக நின்றது. அதை என் முட்டியில் உணர்ந்தேன். கண் ஏமாற்றும் என்று வைத்துக்கொண்டாலும், சின்ன வயதிலிருந்து பரிசலில் கிடக்கிறவனின் முட்டி ஏமாற்றுமா, சொல்லுங்கள்.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் வந்ததும் அந்த அம்மா பேச ஆரம்பித்தார்கள். என்னிடம் பேசினார்களா, கூடையிடம் பேசினார்களா என்று சொல்ல முடியாது. அவர்களுக்குப் பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒரு கிராமம். தக்காளியும் ராகியும் போடுகிற குடும்பம். பெரியவர் மாதையன், அம்மா பச்சையம்மா. பையனுக்கு வேடியப்பன் என்று சாமி பெயர், கூப்பிடுவது வேடி.

"பட்டாளத்துல சேரணும்னு ஓடிப் பழகுவானுங்க. காலைல எங்கூருக்கு வர டவுன் பஸ்ஸோட போட்டி போட்டு ஓடுவான். கண்டக்டர் படிக்கட்டுல நின்னுகிட்டு, ஏறுடா, ஏறுடாம்பாரு. இவன், நீ போண்ணா, நான் முன்ன போயி நிக்கறேன்னு கையக் காட்டுவான். நெசமாவே முன்ன போயி நின்னுருவாங்க."

எதிரில் இருந்த ஆள் குனிந்தபடி சிரித்தார். தம்பியின் நினைப்பு வந்துவிட்டது போல என்று நினைத்து நானும் சிரித்து வைத்தேன்.

வேடியப்பன் ஆசைப்பட்டபடியே பட்டாளத்தில் சேர்ந்தான். முதல் லீவுக்கு வரும்போது வடக்கேயிருந்து அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வந்தான். மார்கழி மாதம் அதைப் போட்டுக்கொண்டு இந்த அம்மா தண்ணீர் பாய்ச்சப் போக, ஊரே கூடிச் சிரித்ததாம். அடுத்த லீவுக்கு மாங்காய்க் காலத்தில் வந்தான். களியும் கீரைக் கடைசலும் கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றான். கிளம்புகிற அன்றைக்கு, "பொண்ணு பாத்து வெய்யிம்மா, அடுத்த லீவுக்கு வந்து தாலி கட்டறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினான். இவர்களும் பெண் பார்த்து வைத்தார்கள். அதற்குள் கார்கில் சண்டை வந்துவிட்டது. பனிமலைமேல் ஏறிப்போனவன் பெட்டியில் திரும்பி வந்தான். மீசைகூட அவனுக்குச் சரியாக முளைத்திருக்கவில்லை என்றார் அந்த அம்மா.

"பெட்டியத் தெறக்கக் கூடாதுன்னுட்டாங்க தம்பி. மேல போத்தியிருந்த கொடியில கைய வெச்சுப் பாத்தேன், அவ்ளோதான். மொகத்தப் பாக்காமயே எரிச்சாங்க. இப்ப மொகத்தப் பாக்காமயே எலும்பையும் ஆத்துல போடுன்னா எப்பிடிங்க போடுவேன்?"

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. இது நேற்றைய எலும்பு இல்லை. இருபத்தைந்து வருஷத்து எலும்பு. எங்கள் பக்கம் எலும்புக் கலயத்தை வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். கரைக்கப் போகிறவரை வெளியே மரத்தில் கட்டி வைப்பார்கள். மிஞ்சிப்போனால் ஒரு வாரம் தொங்கும். இந்த அம்மா கரைக்கவே விடவில்லை. நாளைக்கு, அடுத்த அமாவாசைக்கு, அடுத்த வருஷத்துக்கு என்று தள்ளித் தள்ளி, அந்தக் கலயம் அவர்கள் நிலத்துப் புளியமரத்திலேயே தங்கிவிட்டது. மகன் வேலைக்குப் போன இடம் போல தினமும் போய்ப் பார்த்துவிட்டு வருவார்களாம். இப்போது ரோடு அகலம் பண்ணுகிறேன் என்று அந்தப் புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். கலயத்தை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று பங்காளிகள் ஒரே பிடியாக நிற்க, வேறு வழியில்லாமல் புறப்பட்டு வந்திருக்கிறார்கள்.

பெரியவருக்குக் காது கேட்காததால் பேச்சு சத்தமாக இருந்தது. "எனக்கு நெஞ்சுல அடைப்பு இருக்குதுன்னுட்டாங்க தம்பி. நானும் போயிட்டா இவ அந்தக் கலயத்தத் தூக்கிகிட்டு எந்த மரத்தடியில போயி நிப்பா? நான் இருக்கறப்பவே இது முடியணும். அதுக்குத்தான் பிடிவாதமா இழுத்துகிட்டு வந்தேன்."

நான் துடுப்பைக் கொஞ்சம் மெதுவாகப் போட்டேன். எதிரில் இருந்த ஆள் மட்டும் தன் முட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அண்ணன்காரர் ஒரு வார்த்தை ஆறுதல் சொன்னால் என்ன என்று எனக்கு உள்ளுக்குள் கோபமே வந்தது.

ஆற்றின் நடுவே ஒரு மணல்திட்டு உண்டு. எல்லாப் பரிசலும் அங்கே கொஞ்ச நேரம் நிற்கும். அதைத் தாண்டித்தான் நல்ல தெளிந்த ஓட்டம். அங்கே ஒதுக்கினேன். அம்மா இறங்கி, முட்டி அளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, கலயத்தைக் கூடையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்கள். வாயில் கட்டியிருந்த துணியை அவிழ்ப்பார்கள், பிறகு கட்டுவார்கள். மறுபடி அவிழ்ப்பார்கள், மறுபடி கட்டுவார்கள். பெரியவர் தடியை ஊன்றி வெயிலில் நின்றபடி, "போடு பச்சை, போட்டுடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த ஆள் மணலில் நடந்து திட்டின் அந்தக் கோடிக்குப் போனார். போய் அக்கரையைப் பார்த்துக் கையைத் தூக்கி அசைத்தார். அக்கரை என்றால் கர்நாடகா. அங்கே ஒரு பெண் துணி அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் பாவாடை கட்டிய ஒரு சிறு பெண். அந்தச் சிறு பெண் பதிலுக்கு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. டூரிஸ்டுகள் யாரைப் பார்த்தாலும் கையாட்டுவார்கள், அக்கரையில் பெண்கள் துவைப்பதும் அன்றாடம் பார்க்கிறதுதான்.

அதற்குள் பெரியவருக்குத் தலை சுற்றிவிட்டது. தடி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கமாக மணலில் உட்கார்ந்துவிட்டார். அம்மா அலறிக்கொண்டு கலயத்தின் வாயைக் கட்டிக் கூடையில் போட்டார்கள். "வாணாம் தம்பி, திருப்புங்க, என்னால முடியல, இவரையும் வாரிக் குடுத்துட்டு நான் எங்க போவேன்" என்று ஒரே அழுகை. நான் பெரியவரைத் தூக்கிப் பரிசலில் வைத்து, அம்மாவைக் கைபிடித்து ஏற்றி, ஒரு தள்ளுத் தள்ளி ஏறினேன். அந்த அவசரத்தில் வேறு எதையும் நான் கவனிக்கவில்லை, அதுதான் உண்மை.

திட்டை விட்டு ஓட்டத்துக்குள் வந்தோம். வந்ததும் என் பக்கம் பொசுக்கென்று அமுங்கியது. எதிர் ஓரம் தண்ணீரை விட்டுத் தூக்கிக்கொண்டது. பரிசல் சுற்றியது. "அண்ணா, நகராம உக்காருங்க!" என்று கத்திக்கொண்டே நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் ஆள் இல்லை.

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! சவாரி வந்த ஆளை ஆற்றில் விட்டவன் என்ற பெயர் வந்தால் அதோடு என் பிழைப்பு முடிந்தது, போலீஸ், கேஸ், எல்லாம் கண் முன்னால் ஓடியது. அதையெல்லாம் விடுங்கள், ஏற்கெனவே ஒரு பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிற இந்த இரண்டு பேரிடம் நான் என்ன சொல்வேன்? விசிலை எடுத்து ஊதினேன் பாருங்கள், கரையில் மீன் வறுத்தவர்கள்கூட எழுந்து நின்றுவிட்டார்கள்.

"ஏய் பெருமாளு! ஆளு வுழுந்துட்டான்டா! ஓடியாங்கடா!"

பெருமாள் என் கூட்டாளி. கொஞ்சம் கீழே வேறு சவாரியோடு வந்துகொண்டிருந்தவன், துடுப்பைத் தன் மச்சான் கையில் கொடுத்துவிட்டு நடு ஆற்றில் குதித்துவிட்டான். இன்னும் இரண்டு பரிசல் வந்தது. நான் பரிசலை மறுபடி திட்டில் சேர்த்துவிட்டு, பாறை இடுக்கெல்லாம் துடுப்பை விட்டுத் துழாவுகிறேன். வாயில் வராத சாமியெல்லாம் வருகிறது.

பச்சையம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். "யாருங்க தம்பி வுழுந்துட்டாங்க?"

"என்னம்மா இப்பிடிக் கேக்கறீங்க! உங்க பெரிய பையந்தாங்கம்மா!"

"எந்தப் பெரிய பையன்?"

"உங்ககூட வந்தாரே, எனக்கு எதிர்ல உக்காந்தாரே, அவருதான்!"

அந்த அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். "நாங்க ரெண்டு பேருந்தாங்க வந்தோம். எங்களுக்கு ஒரே பையன். அவன் இந்தக் கலயத்துல இருக்கான்."

நான் விடவில்லை. "அண்ணான்னு கூப்பிட்டு உக்கார வெச்சேனேம்மா, உங்க காதுல வுழலையா?" என்றேன். "வுழுந்துதுங்க. உங்க ஆளுங்க யாரையோ கூப்பிடறீங்கன்னு இருந்தோம்" என்றார்கள். இதற்குள் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்த பெருமாள் சொன்னது இன்னும் மோசம். "வர்றப்பவே பாத்தேன், நீ எதிர்ல வெத்து எடத்தப் பாத்துச் சிரிச்சிகிட்டு இருந்த. சரி, வெயிலுன்னு உட்டுட்டேன்."

"அப்ப மூணு ஜாக்கெட் எடுத்தேனே, அது எங்கடா?" என்றேன்.

பெருமாள் திரும்பிப் பார்த்தான். திட்டின் அந்தக் கோடியைக் கையால் காட்டினான்.

ஜாக்கெட் மணலில் இருந்தது. கிடந்தது என்று சொல்ல முடியாது, வைக்கப்பட்டிருந்தது. சதுரமாக மடித்து, வாரெல்லாம் உள்ளே செருகி, மேலே பக்கிள் நேராக இருக்கும்படி வைத்திருந்தது. சவாரி வருகிறவர்கள் ஜாக்கெட்டைச் சுருட்டி வீசிவிட்டுப் போவார்கள், நாங்களும் குவியலாகத்தான் போடுவோம். அப்படி மடித்த ஜாக்கெட்டை என் பிழைப்பில் நான் பார்த்ததே இல்லை. கால்தடம் இருந்ததா என்றுதானே கேட்கப் போகிறீர்கள்? நாங்கள் நாலைந்து பேர் ஓடிய ஓட்டத்தில் மணல் முழுக்கக் கலைந்துவிட்டது. பெரியவர் தட்டுத்தடுமாறி வந்து அந்த ஜாக்கெட்டை இரண்டு கையாலும் எடுத்தார். "லீவுக்கு வந்தா போர்வைய இப்பிடித்தான் மடிப்பான்" என்று சொல்லிவிட்டு அதை முகத்தில் வைத்துக்கொண்டார்.

பயந்தது நானும் பெருமாளும்தான். அந்த அம்மா பயப்படவே இல்லை. என் மணிக்கட்டைப் பிடித்தார்கள், அப்படி ஒரு பிடி.

"நீங்க மொகத்தப் பாத்தீங்களா தம்பி?"

"பாத்தேங்கம்மா."

அந்த அம்மா தான் மாட்டியிருந்த ஜாக்கெட்டின் பக்கவாட்டில் கையை விட்டு, இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார்கள். யூனிஃபார்ம் போட்ட சின்னப் பையன், பூனை மீசை, காமிராவைப் பார்த்து முறைப்பு. நான் பார்த்தேன், உற்றுப் பார்த்தேன். அதே தாடை, அதே கண், அதே நெற்றி. சந்தேகமே இல்லை, அவர்தான். ஆனால் நான் பார்த்தது இந்த வயதில் இல்லை.

"இவருதாங்கம்மா. ஆனா இது சின்ன வயசு போட்டோ. நான் பாத்தது நாப்பத்தஞ்சு, அம்பது வயசு ஆளு. காதோரம் ரெண்டு பக்கமும் நல்லா நரைச்சிருந்துது."

அந்த அம்மா போட்டோவைத் திருப்பி ஒரு தரம் பார்த்தார்கள்.

"நரைச்சிடுச்சா?" என்றார்கள். "எம் பையனுக்கு நரைச்சிடுச்சா?" பெரியவரின் தோளைப் பிடித்து உலுக்கி, காதுக்குள்ளேயே கத்தினார்கள். "ஏங்க! நம்ம வேடிக்கு நரைச்சிடுச்சாங்க!"

பெரியவர் தன் காதோரத்தைத் தடவிக்கொண்டே, "எங்கப்பனுக்கும் மொதல்ல காதோரந்தான் நரைச்சிது" என்று தேம்பினார். அந்த அம்மா சிரிக்கிறார்களா, அழுகிறார்களா என்றே தெரியவில்லை. நான் எத்தனையோ பேர் இந்த ஆற்றங்கரையில் அழுது பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு சந்தோஷத்தை எங்கேயும் பார்த்ததில்லை, சத்தியமாக.

"இன்னும் சொல்லுங்க தம்பி. எளச்சிருந்தானா?"

"அதெல்லாம் இல்லீங்கம்மா. லேசா தொப்பைகூட இருந்துது."

"தொப்பையா! அப்ப எவளோ ஒருத்தி நல்லா ஆக்கிப் போடறா!"

சொல்லலாமா, வேண்டாமா என்று எனக்கு ஒரு யோசனை வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதையும் மறைக்க முடியவில்லை. அக்கரையைப் பார்த்து அவர் கையாட்டியதைச் சொன்னேன். துணி அலசிக்கொண்டிருந்த பெண்ணைச் சொன்னேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டிய சிறு பெண்ணையும் சொன்னேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா அக்கரையை நோக்கித் திரும்பிவிட்டார்கள். அங்கே இப்போது யாரும் இல்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

பிறகு கூடையிலிருந்து கலயத்தை எடுத்தார்கள். துணியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்கள். முட்டித் தண்ணீருக்கு இறங்கிப்போய், கலயத்தை மெதுவாகச் சாய்த்து, முழுக்கக் கொட்டி, உள்ளே தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊற்றினார்கள். "புள்ள குட்டியோட நல்லா இருடா சாமி" என்றார்கள். இருபத்தைந்து வருஷமாகக் கையை விட்டுப் போகாதது, கண் மூடித் திறப்பதற்குள் ஓட்டத்தோடு போய்விட்டது. பெரியவர் மணலில் உட்கார்ந்து கையெடுத்துக் கும்பிட்டார். பெருமாளும் கும்பிட்டான். இப்போது கேட்டால் கும்பிடவே இல்லை என்பான், அவனை விடுங்கள்.

கரைக்கு வந்து சோடா வாங்கிக் கொடுத்து, அவர்களைப் பென்னாகரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு போனார்கள். அன்றைக்கு முழுக்க என் கால் தரையில் படவில்லை. பார்க்கிறவனிடமெல்லாம் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். "வளையல்காரி போயி இப்ப பட்டாளத்தான் வந்துட்டானா?" என்று கேட்டார்கள்.

மறுநாள் காலையில் முதல் சவாரி. மணல்திட்டைத் தாண்டும்போது, அந்தப் பெண் துவைத்துக்கொண்டிருந்த இடம் எது என்று சும்மா திரும்பிப் பார்த்தேன். துடுப்பு கையிலேயே நின்றுவிட்டது. அந்த இடத்தில் கரையே கிடையாது. தண்ணீரிலிருந்து நேராக எழும்பி நிற்கிற செங்குத்துப் பாறை, இரண்டு பனைமர உயரம் இருக்கும். ஒரு ஆடு ஏறி நிற்கக்கூட அங்கே இடமில்லை. பத்து வயதில் அப்பாவோடு பரிசல் ஏறியதிலிருந்து அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் முந்தின நாள் அங்கே ஒரு பெண் குந்தித் துணி அலசுவதைப் பார்த்துவிட்டு, இது அன்றாடம் நடப்பதுதானே என்று எப்படி நினைத்தேன்?

பச்சையம்மா அடிக்கடி போன் பண்ணுவார்கள். பெரியவருக்கு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்து இப்போது பரவாயில்லை, நடமாடுகிறார். "மறுபடி கண்ணுல பட்டாங்களா தம்பி? பேத்தி வளந்திருப்பாளே?" என்று கேட்பார்கள். இல்லைங்கம்மா என்பேன். சளைக்க மாட்டார்கள், அடுத்த மாதம் அதே கேள்வி வரும். பாறை விஷயத்தை நான் அவர்களிடம் சொல்லவே இல்லை.

ஐப்பசியில் ஒருநாள் கூப்பிட்டார்கள். கொஞ்ச நேரம் தக்காளி விலையைப் பற்றிப் பேசிவிட்டு, "ஒரு நா என்னைய அந்தக் கரைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா தம்பி? எட்ட நின்னு மொகத்தப் பாத்துட்டு வந்துடறேன். அவர வூட்டுலயே உட்டுட்டு நான் மட்டும் வரேன்" என்றார்கள். அங்கே பரிசல் ஒதுங்க இடமில்லை என்று நேராகச் சொல்லியிருக்கலாம். ஆகட்டும்மா, தண்ணி வடியட்டும் என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீர் இன்னும் வடியவில்லை. மேலே மழை பெய்து, போன வாரம் இன்னும் ஏறித்தான் இருக்கிறது. மணல்திட்டில் பாதி மூழ்கிவிட்டது. அந்தப் பக்கம் சவாரி போனபோது பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன், ஆனாலும் பார்த்துவிட்டேன். பாறை அடியில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு முழம் மேலே, படி மாதிரி ஒரு இடம் இருக்கிறது. நன்றாக அகலமாக, துணி துவைத்துத் துவைத்து வழவழப்பான கல் மாதிரி இருக்கிறது. ஒரு பரிசலை ஒதுக்கி, வயதான ஒரு ஆளைக் கைபிடித்து இறக்கிவிடலாம். பெருமாளைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவனுக்கும் அது தெரிகிறது.